ஒன்பதாவது நிறுத்தத்தில் ஆறு நிமிடம்

“தெரியலன்னு எழுதினா தப்பா மிஸ்?”

“தப்பில்ல. தெரியாததைத் தெரியலன்னு எழுதத்தான் அந்தக் கட்டத்தையே வெச்சிருக்கேன். ஆனா நீ பார்க்காமலே எழுதியிருக்கியே.”

“முப்பத்தொரு நாள் பார்த்தேன் மிஸ்!”

“எங்கேருந்து?”

“லைப்ரரி ஜன்னல்லேருந்து.”

“அந்த பஸ்ல ஒரு தடவையாவது ஏறினியா?”

பதினோராம் வகுப்புப் பெண் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாய் மூடுவது அபூர்வம். வீட்டில் அவளுக்குக் கொசு என்று பெயர். விடிந்ததிலிருந்து காதருகே வந்து ஏன், எதற்கு, எப்படி என்று ரீங்காரம் போடுகிறாள் என்று ஐந்து வயதில் அப்பா வைத்த பெயர். பதினாறு வயதாகியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பூகோள ஆசிரியை மேசைமேல் விரித்திருந்த பெரிய தாளை மீண்டும் பார்த்தார். பதினான்காம் எண் பஸ் போகும் பாதை முழுக்க அதில் இருந்தது. பதினெட்டு நிறுத்தங்கள், பதினெட்டுக் கட்டங்கள். ஒவ்வொன்றின் கீழும் தாமதம் எத்தனை நிமிடம், அதற்குக் காரணம் என்ன என்று எழுதியிருந்தது. சிக்னல். சந்தை நெரிசல். பள்ளிக்கூட வாசல். ஒன்பதாவது கட்டத்தில் மட்டும் ‘6 நிமிடம். காரணம்: தெரியவில்லை.’

இந்தத் தனிப்படிப்பு பூகோள மிஸ் தலைமையாசிரியரிடம் சண்டை போட்டு வாங்கியது. ஒரு பருவம் முழுக்க தினமும் கடைசி இரண்டு பீரியட் மாணவர்களுக்கே சொந்தம். புத்தகம் இல்லை, பரீட்சை இல்லை. ஒரு கேள்வி வேண்டும், அது அவரவர் கேள்வியாக இருக்க வேண்டும், விடை முன்பே தெரிந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான் விதி. ஒருத்தன் எறும்புகளின் பின்னால் போனான். ஒருத்தி வகுப்பில் யார் யாரை எத்தனை முறை குறுக்கிட்டுப் பேசுகிறார்கள் என்று எண்ணி, பாதி வகுப்பின் பகையைச் சம்பாதித்தாள். கொசு கேட்டது இது: பஸ் வந்தால் ஏன் இரண்டாக வருகிறது, வராவிட்டால் ஏன் ஒன்றுமே வருவதில்லை?

“நாளைக்கு நீங்கல்லாம் படிச்சுக் காட்டறப்போ ஹெச்.எம். முன்வரிசைல உட்கார்ந்திருப்பார். அடுத்த வருஷம் இது வேணுமா வேண்டாமான்னு உங்களைப் பார்த்துத்தான் முடிவு பண்ணப்போறார். முதல்ல உன்னோடது. அப்புறம் இன்னொரு சேதி. பஸ் டிப்போ நேர அதிகாரி வரேன்னு சொல்லியிருக்கார். உன் படத்தைப் பார்க்கறதுக்குன்னே.”

“நிஜமாவா மிஸ்?”

“நிஜமா. அதனாலதான் சொல்றேன். இன்னிக்கு மூணு நாற்பது வண்டில ஏறு. பார்த்தும் புரியலன்னா தெரியலன்னே எழுது, நான் கையெழுத்துப் போடறேன். தெரிஞ்சும் தெரியலன்னு எழுதினா மட்டும் போட மாட்டேன்.”

மிஸ் பேனா மூடியைச் சொடுக்கினார். அவருக்கு அது மணி அடித்ததற்குச் சமம்.

*

அன்று மதியம் முழுவதும் கொசுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வேதியியல் வகுப்பில் இரண்டு முறை கடிகாரம் பார்த்து, மூன்றாவது முறை பார்க்கும்போது எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றால் கடிகாரம் இன்னும் நன்றாகவே தெரிந்தது.

நூலகத்தின் மூன்றாவது மாடி ஜன்னலுக்கு நேர் கீழே எட்டாவது நிறுத்தம். அங்கே உட்கார்ந்து பஸ் கூரைகளைப் பார்ப்பது அவளுக்குப் பழகிவிட்டது. கூரை ஒவ்வொன்றிலும் வண்டி எண் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். மழை நாளில் அவை ஆற்றில் மிதந்து போகும் நீளமான மேசைகள் போல இருக்கும். பத்தாவது நிறுத்தத்தில் அவளுடைய சிநேகிதி, தூங்குமூஞ்சி என்று பெயர் எடுத்தவள், உண்மையிலேயே தூங்காமல் உட்கார்ந்து நேரம் குறிப்பாள். எட்டிலிருந்து பத்துக்கு எல்லா வண்டியும் ஏழு நிமிடத்தில் போயின. 4417 மட்டும், மூன்று நாற்பது நடையில் மட்டும், பதின்மூன்று நிமிடம். பின்னால் வரும் வண்டி அதைப் பிடித்துவிடும். இரண்டும் ஜோடி போட்டுக்கொண்டு போகும். அப்புறம் இருபது நிமிடம் சாலை காலி.

யாருடைய பெயரையும் எழுதக் கூடாது என்பதில் கொசு கவனமாக இருந்தாள். யார் மனதும் புண்படக் கூடாதல்லவா? வண்டி எண் மட்டும்தான்.

அப்பாவும் பஸ் ஓட்டுநர்தான். அவர் ஓட்டுவது முப்பதாம் எண் பாதை, ஊரின் மறுபக்கம். தனிப்படிப்புச் சம்மதத் தாளில் கையெழுத்துப் போடும்போது, “பஸ் ஏன் லேட்டுன்னு கண்டுபிடிக்க ஒரு படிப்பா? என்னைக் கேட்டா ஒரே வார்த்தைல சொல்லிடுவேனே. ரோடு!” என்று சிரித்தார். அண்ணன் வீட்டை விட்டுப் போன பிறகு அப்பா சிரித்தது அன்று ஒருநாள்தான்.

நான்கு மாதம் ஆகிறது. பொறியியல் மூன்றாம் வருடத்தை அப்படியே விட்டுவிட்டு, களிமண் பொம்மைகளை வைத்துப் படம் எடுக்கப் போகிறேன் என்று அண்ணன் வந்து நின்றான். “பொம்மை வெச்சு விளையாடற வயசாடா இது?” என்றார் அப்பா. “விளையாட்டு இல்லப்பா. ஒரு செகண்ட் படத்துக்கு இருபத்துநாலு தடவை நகர்த்தணும்.” “அப்போ நீயும் நகரு” என்றார் அப்பா. கோபத்தில் வந்த வார்த்தை. அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு பையை எடுத்தான். அதிலிருந்து அவன் பேச்சு இந்த வீட்டில் கூடாது. எந்த ஊரில் இருக்கிறான் என்பதுகூடத் தெரியாது.

*

அதே மதியம், அம்மா வேலை செய்யும் கண்ணாடிக் கடையின் பின்னறையில் அரவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. வட்டமாக வரும் லென்ஸை ஃப்ரேமின் வடிவத்துக்கு அரைத்து, ஓரம் மழுக்கி, பொருத்துவது அம்மாவின் வேலை. பதினெட்டு வருடமாகச் செய்கிறாள்.

“அக்கா, இது அவசரமாம். நாலரைக்கு வந்து வாங்கிப்பாங்களாம்.” முன்னால் நிற்கும் விற்பனைப் பெண் தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

அம்மா சீட்டைப் பார்த்தாள். வலது கண் மைனஸ் மூன்றேகால். இடது மைனஸ் ஐந்து. சிலிண்டர் அச்சு நூற்றெழுபது. இரண்டு கண் பாவைகளுக்கும் நடுவே அறுபத்தொரு மில்லிமீட்டர்.

இயந்திரத்தை நிறுத்தினாள்.

மேலே, ஆர்டர் கொடுத்தவர் என்ற இடத்தில், எழுதியிருந்தது ஏதோ ஒரு பெண்ணின் பெயர். பெயர் யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கட்டும். ஏழு வயதிலிருந்து அந்தக் கண்களுக்கு ஒவ்வொரு லென்ஸையும் அரைத்தவள் அவள். இடது கண் வருடா வருடம் கால் கால் புள்ளியாக இறங்கியபோது இங்கேயே நின்று மூக்கை உறிஞ்சியவள்.

அந்த ஜோடியை அவள் மெதுவாக அரைத்தாள். ஓரத்தை மூன்று முறை தடவிப் பார்த்தாள்.

நாலரைக்கு வந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். நக இடுக்கில் சாம்பல் நிறக் களிமண். அம்மா பின்னறையிலிருந்து தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“உனக்கா இது?”

“ஐயோ இல்ல ஆன்ட்டி. கூட வேலை செய்யறவருக்கு. கால்ல மிதிச்சு உடைச்சிட்டு பத்து நாளா டேப் ஒட்டிப் போட்டுக்கிட்டிருக்கார். கேட்டா கடைக்கு வரவே மாட்டேங்கறார். கடைசில நான் சீட்டைப் பிடுங்கிட்டு வந்தேன்.”

“தரையில வெச்சுட்டுத்தானே மிதிச்சார்? தூங்கறப்போ கழட்டித் தலைமாட்டுல தரையில வைக்க வேண்டாம்னு சொல்லு.”

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். “எப்படி ஆன்ட்டி கரெக்டா சொல்றீங்க?”

“எல்லாரும் அங்கதான் வைக்கறாங்க” என்றாள் அம்மா. பிறகு, விலையைக் கேட்கும் குரலில், “வேலை ரொம்பத் தூரமா?”

“இல்லையே, பதினாலு நம்பர் பஸ்ல ஒன்பதாவது ஸ்டாப். பஸ்ஸிலேருந்து பார்த்தாலே தெரியும்.”

கதவு மணி ஒலித்து அடங்கியது. இந்த ஊர்தான். இதே ஊர். அம்மா பின்னறைக்குத் திரும்பி, ஒன்றுமில்லாத இயந்திரத்தை ஓடவிட்டு அதன் முன்னால் நின்றாள். வீட்டுக்காரரிடம் சொன்னால், “அவன் பேச்சை எடுக்காதே” என்பார். மகளிடம் சொன்னால், ராத்திரிக்குள் நூறு கேள்வி வரும். யாரிடமும் சொல்வதாக இல்லை.

*

மூன்று நாற்பதுக்கு வந்திருக்க வேண்டிய 4417 மூன்று நாற்பத்தொன்றுக்கு வந்தது. கொசு கூட்டத்தோடு பின்வாசலில் ஏறி, கடைசி வரிசையில் இடுக்கிக்கொண்டாள். கையில் கடிகாரம், மடியில் நோட்டு. முன்னால் ஒரே தலைகள்.

“ஒன்பதாவது வருது, காலை மடக்கி வெச்சுக்கோ” என்றாள் பக்கத்தில் இருந்த தையல்காரம்மா. மடியில் ஒரு மூட்டை துணி.

“ஏன்?”

“ஆறு நிமிஷம் நிப்பான். தினம் நடக்கிற கூத்து. டயராம்.”

சாலை ஏற்றத்தில் ஏறி பஸ் நின்றது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள், இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். பஸ் கிளம்பவில்லை. கொசு நேரத்தைக் குறித்தாள்.

“ஒரு நிமிஷம், டயரைப் பார்த்துட்டு வந்துடறேன்” என்று முன்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அவள் பேனா நின்றது. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். அந்தக் குரல்தான் அவளுக்குக் கொசு என்று பெயர் வைத்தது.

கழுத்தை நீட்டிப் பார்த்தாள். காக்கிச் சட்டை, காதுக்குப் பின்னால் நரை, இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கும் அப்பா.

“அவர்... இவர் முப்பதாம் நம்பர்ல இல்ல ஓட்டறார்?”

“யாரு, நம்மாளா? மூணு மாசமா இந்த ரூட்டுதான். கேட்டு வாங்கிட்டு வந்தாராமே! வண்டிகூட மாத்த விடமாட்டார். நாற்பத்தினாலு பதினேழுன்னா இவர், இவர்னா நாற்பத்தினாலு பதினேழு. டிப்போல இப்போ ஆளுக்கு ஒரு வண்டின்னு ஆக்கிட்டாங்கல்ல.”

சின்ன வயதில் அப்பா தினம் ஒரு வண்டி எண் சொல்வார். இன்றும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள். முப்பத்தொரு நாள். மூன்று மாடி உயரத்தில் அப்பாவின் தலைக்கு நேர் மேலே உட்கார்ந்துகொண்டு, நல்ல கையெழுத்தில், அவர் பெயரைத்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

டங். டங். அப்பா முன்சக்கரத்தைக் கம்பியால் இரண்டு தட்டுத் தட்டினார். சக்கரத்தைப் பார்க்கவேயில்லை. படியில் ஒரு கால் வைத்து, கைப்பிடியைப் பற்றி ஏறி, அப்படியே எதிர்ப்புறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொசுவும் அந்தப் பக்கம் பார்த்தாள். சாலை ஏற்றத்தில் இருந்ததால் பஸ் ஜன்னலும் எதிர்க் கட்டடத்தின் முதல் மாடி ஜன்னலும் நேருக்கு நேர். சுவரளவு கண்ணாடி. உள்ளே பகலிலும் மூன்று விளக்குகள். மேசைமேல் ஒரு குட்டி மாடிப்படி, அதில் ஒரு களிமண் மனிதன். அவன்மேல் குனிந்து, ஒரு பக்கம் டேப் ஒட்டிய கண்ணாடியோடு, மூச்சை அடக்கிக்கொண்டு, அண்ணன்.

அண்ணன் பொம்மையின் காலை ஒரு மயிரிழை உயர்த்தினான். பின்னால் நகர்ந்தான். கேமராவை அழுத்தினான். திரும்ப வந்தான். ஒரு மயிரிழை. பின்னால் நகர்ந்தான். பஸ் இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை.

“டிரைவர் சார், டயர் செத்துப்போச்சா, உசுரோட இருக்கா?” என்று ஒருவர் கத்தினார். பஸ் சிரித்தது.

அப்பாவும் சிரித்துக்கொண்டே இருக்கையில் ஏறினார். “இன்னிக்குப் பிழைச்சுக்கிச்சு சார்.”

ஆறு நிமிடம் பத்து வினாடி. கொசு எழுதவில்லை. பத்தாவது நிறுத்தத்தில் பின்வாசல் வழியாக இறங்கி ஓடினாள்.

“என்ன காரணம்?” என்று அங்கே காத்திருந்த தூங்குமூஞ்சி கேட்டாள்.

“தெரியல” என்றாள் கொசு. இன்று அந்த வார்த்தை வேறு மாதிரி இருந்தது. நாக்கில் ஒட்டியது.

*

மாலை ஏழு மணி. சாப்பாட்டு மேசை முழுவதையும் அந்தத் தாள் அடைத்துக்கொண்டிருந்தது. ஒன்பதாவது கட்டத்தில் ‘தெரியவில்லை’யை ரப்பரால் அழித்திருந்தாள். அழித்த இடம் வெள்ளையாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. அதில் என்ன எழுதுவது? தெரிந்தும் ‘தெரியவில்லை’ என்றே மறுபடி எழுதினால் மிஸ் கையெழுத்துப் போட மாட்டார். உண்மையை எழுதினால் நேர அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்து படிப்பார். தினமும் ஆறு நிமிடம் வண்டியை நிறுத்திய ஓட்டுநரை ஒரு நாள்கூட ஓட்ட விட மாட்டார்கள். பொய் எழுதினால், முப்பத்தொரு நாளும் எதற்கு?

அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், பேனா மூடியைக் கடித்தாள், மீண்டும் எழுந்தாள்.

“ஏன்டி பூனைக்குட்டி மாதிரி சுத்திக்கிட்டிருக்க? உட்காரேன் ஒரு இடத்துல” என்றபடி அம்மா தட்டுகளோடு வந்தாள். தாளைப் பார்த்தாள். “இதான் உன் பஸ் படமா?”

விரலால் கோட்டைத் தொடர்ந்தாள். ஆறு, ஏழு, எட்டு. விரல் ஒன்பதில் நின்றது.

“இங்க மட்டும் ஏன் காலியா இருக்கு?”

“இன்னும் எழுதலம்மா.”

“இங்க... என்ன இருக்கும், இந்த இடத்துல?”

அம்மா எதையும் இப்படிக் கேட்கிற ஆள் இல்லை. கொசு நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் வாசல் கதவு திறந்தது. அம்மா விரலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

அப்பா செருப்பைக் கழற்றினார். முகம் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டே மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“இன்னிக்கு டிக்கெட் எடுத்தியா?”

கொசு தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“பின்வாசல்ல ஏறினா டிரைவருக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? பின்வாசல்ல ஏறுறவங்களைத்தான் முதல்ல பார்ப்போம்.” குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“டிக்கெட் எடுத்தேன்ப்பா.”

“நல்லது.” தாளைத் தன் பக்கம் திருப்பினார். நிறுத்தம் நிறுத்தமாகப் படித்தார். “சந்தைகிட்ட நாலு நிமிஷம். கரெக்ட். பள்ளிக்கூட வாசல். ரொம்பக் கரெக்ட். என் சர்வீஸ்ல இதை ஒருத்தரும் இப்படி எழுதி நான் பார்த்ததில்ல.” 4417 என்ற எண்ணின்மேல் கட்டைவிரலை வைத்தார். “பேர் எழுதலன்னு சந்தோஷப்பட்டிருப்பே. டிப்போல என்னை யாரு பேர் சொல்லிக் கூப்பிடறாங்க? நாற்பத்தினாலு பதினேழு, டீ குடிச்சாச்சா, அவ்வளவுதான்.”

“எனக்குத் தெரியாதுப்பா. சத்தியமா. நாளைக்கு நேர அதிகாரி வர்றார். நான் வேணா அந்த வண்டியையே எடுத்துடறேன். ஆறு நிமிஷத்தை...”

“எடுக்காதே.” தலையை ஆட்டினார். “ஆறுன்னா ஆறு. நிறுத்தினது நான். வண்டிலேருந்து இறக்கி டிப்போ வாசல்ல உட்கார வைப்பாங்க. உன்னை மாதிரியே நானும் வர்ற வண்டி போற வண்டி நம்பரை எழுதிக்கிட்டிருப்பேன்.”

சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

“ஒரு மாசமா அந்தப் பொம்மை படி ஏறுது” என்றார். “முதல்ல கதவுகிட்ட இருந்துச்சு. கதவைத் திறக்கவே மூணு வாரம். இன்னும் ரெண்டு படி பாக்கி. மேல போய் என்ன பண்ணும்னு தெரியல.”

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. பாத்திரச் சத்தமும் இல்லை. அப்பா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலை இன்னும் தாழ்த்தினார்.

“அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அவனுக்கும் தெரிய வேண்டாம். நகருன்னு சொன்னவன் நான். அப்படிச் சொல்லிட்டு தினம் போய் எட்டிப் பார்க்கிறேன்னு நாலு பேர் முன்னால வேண்டாம்.”

காரணம் என்று எழுதிய வெள்ளைக் கட்டத்தை நோக்கி, தாள்மேல் கிடந்த பேனாவை மெல்ல உருட்டிவிட்டார். அது அவள் விரலில் வந்து இடித்து நின்றது.

“நேரத்தை அப்படியே விடு. இந்த ஒரு கட்டத்துல மட்டும்... டயர்னு எழுதிடுறியா, கொசு?”